தார், ஜிம்னி, கூர்க்காவுக்கு ஸ்பீக்கர் மாற்றப் போகிறீர்களா? பெட்டியில் இருக்கும் ‘வாட்’ எண்ணை நம்பும் முன் இதைப் படியுங்கள்

மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வேயில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். வண்டி தார். போன மாதம்தான் தடித்த பற்கள் கொண்ட மட்-டெரெய்ன் டயர் மாற்றினீர்கள். பாட்டு ஓடுகிறது, ஆனால் பாடகர் என்ன பாடுகிறார் என்றே புரியவில்லை. பேஸ் சுத்தமாகக் காணோம். வால்யூமை முழுசாகத் திருப்பினால் கரகரவென்று உடைந்த சத்தம்தான் வருகிறது. ‘இந்த வாரக் கடைசியில முதல் வேலை ஸ்பீக்கர் மாத்தறதுதான்’ என்று முடிவு செய்கிறீர்கள்.

கார் ஆக்சஸரீஸ் கடைக்குப் போனால், அது பெங்களூரு ஜே.சி. ரோடாக இருந்தாலும் சரி, டெல்லி கரோல் பாக்காக இருந்தாலும் சரி, முதலில் காதில் விழுவது ஓர் எண்தான். “சார், இது 300 வாட். அது 420 வாட். எது வேணும்?”

அந்த எண்ணை வைத்து முடிவெடுத்தால் பணம் வீணாவது மட்டுமல்ல, வேறு சிக்கல்களும் வரும். ஆஃப்-ரோடு வண்டியில் எந்த ஸ்பீக்கர் என்பதைவிட அதை எங்கே, எப்படிப் பொருத்துகிறீர்கள் என்பதுதான் சத்தத்தைத் தீர்மானிக்கிறது. தப்பாகப் பொருத்தினால் வயரில் தீப்பிடிக்கலாம், வாரன்டி போகலாம், காதும் பழுதாகலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அந்த 300 வாட் எங்கிருந்து வருகிறது?

ஸ்பீக்கர் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ‘பீக் பவர்’. அதாவது, ஒரு நொடிக்கும் குறைவான நேரம் அந்த ஸ்பீக்கர் தாங்கக்கூடிய உச்ச அளவு. தொடர்ந்து எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது ஆர்.எம்.எஸ். வாட். அது பெட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். 300 வாட் என்று போட்ட ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ். 50 வாட்டாக இருப்பது சர்வ சாதாரணம்.

இரண்டுமே ஸ்பீக்கர் தாங்கும் அளவுகள்தான் என்பதையும் கவனியுங்கள். ஸ்பீக்கர் தானாகச் சக்தியை உருவாக்குவதில்லை. அதற்குச் சக்தி கொடுப்பது டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ. அது எவ்வளவு கொடுக்கிறது?

வெளியில் வாங்கும் ஸ்டீரியோக்களில் ‘50 வாட் × 4’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பள்ளியில் படித்த ஓம் விதியை வைத்து இதைச் சரிபார்க்கலாம். எஞ்சின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.8 வாட். விளம்பரத்தில் வரும் 50 இதுதான். ஆனால் ஒலி அலை முழுக்க நசுங்கிச் சதுரமாகிப் போனால்தான் இந்த அளவு கிடைக்கும். அப்படிப் போகும்போது வருவதுதான் நீங்கள் கேட்ட அந்தக் கரகர சத்தம்.

அலை நசுங்காமல் இருந்தால்? 14.4-ஐ 1.414-ஆல் வகுக்க வேண்டும், 10.2 வோல்ட் வரும். அதன் வர்க்கத்தை 4-ஆல் வகுத்தால் சுமார் 26 வாட். இது ஏட்டுக் கணக்கு. உள்ளே ஏற்படும் இழப்புகள் போக, நடைமுறையில் ஒரு ஸ்பீக்கருக்குத் தெளிவாகக் கிடைப்பது பெரும்பாலும் 15 முதல் 20 வாட்தான்.

ஆகவே தனியாக ஆம்ப்ளிஃபயர் வைக்காதவரை, 300 வாட் ஸ்பீக்கருக்கும் 420 வாட் ஸ்பீக்கருக்கும் கிடைப்பது அதே 15 வாட்தான்.

அப்படியென்றால் எந்த எண்ணைப் பார்ப்பது?

சென்சிட்டிவிட்டி. 1 வாட் சக்தி கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பதைச் சொல்லும் எண் இது. 87, 90, 93 என்பதுபோல இருக்கும்.

வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் டெசிபல் கணக்கில் ஒவ்வொரு 3 டெசிபல் கூடுவதற்கும் இரண்டு மடங்கு சக்தி தேவை. 90 டெசிபல் ஸ்பீக்கர் 15 வாட்டில் கொடுக்கும் சத்தத்தை 87 டெசிபல் ஸ்பீக்கர் கொடுக்க 30 வாட் வேண்டும். 93 டெசிபல் ஸ்பீக்கருக்குச் சமமாக வர 60 வாட் வேண்டும். உங்கள் ஸ்டீரியோவால் அது முடியாது. ஆம்ப் வைக்கப் போவதில்லை என்றால், 90-க்கு மேல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கரே சரியான தேர்வு.

இதிலும் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. சில பெட்டிகளில் ‘1 வாட்’ என்பதற்குப் பதிலாக ‘2.83 வோல்ட்’ என்று போட்டிருக்கும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்தால் அது 2 வாட். எனவே அந்த எண்ணிலிருந்து 3-ஐக் கழித்துவிட்டுத்தான் மற்றதோடு ஒப்பிட வேண்டும். அதேபோல, 2 ஓம் ஸ்பீக்கரை வாங்கும் முன் உங்கள் ஸ்டீரியோ 2 ஓமைத் தாங்குமா என்று பாருங்கள். பல ஸ்டீரியோக்கள் 4 ஓமுக்குக் கீழே போனால் சூடாகித் தடுமாறும்.

ஹேட்ச்பேக்கில் நன்றாக இருந்தது இதில் ஏன் எடுபடவில்லை?

நண்பரின் ஹேட்ச்பேக்கில் அட்டகாசமாகக் கேட்ட அதே ஸ்பீக்கரை உங்கள் தாரில் போட்டால் சுமாராகத்தான் இருக்கும். இதற்கு மூன்று காரணங்கள்.

முதலாவது, இரைச்சல். பெரிய டயர், நிமிர்ந்த கண்ணாடி, துணிக் கூரை அல்லது மெல்லிய ஹார்ட்-டாப். இவற்றிலிருந்து வரும் இரைச்சலில் கீழ்சுருதி அதிகம். அது பாட்டின் பேஸை மூடி மறைத்துவிடும். ஸ்பீக்கரில் பேஸ் இல்லாமல் இல்லை, உங்கள் காதுக்கு அது வந்து சேரவில்லை. எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? போனில் டெசிபல் மீட்டர் ஆப் போட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, 40-லும் 80-லும் பக்கத்து சீட்டில் இருப்பவரை அளக்கச் சொல்லுங்கள். போன் மைக் துல்லியமானது அல்ல, ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும்.

இரண்டாவது, பெட்டி இல்லாமை. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் ஒலியைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்னும் பின்னும் வரும் அலைகள் சந்தித்தால் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். பேஸ்தான் முதலில் காணாமல் போகும். அதனால்தான் வீட்டு ஸ்பீக்கர் மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. சாதாரண காரில் கதவு அந்த வேலையைச் செய்கிறது. கூரையிலோ சின்ன பிளாஸ்டிக் கூடிலோ இருக்கும் ஸ்பீக்கருக்கு அந்த வசதி குறைவு.

மூன்றாவது, தண்ணீர், புழுதி, குலுக்கல். மஹிந்திரா 2020 அக்டோபர் 2-ஆம் தேதி விற்பனைக்குக் கொண்டுவந்த இரண்டாம் தலைமுறை தாரில் ஸ்பீக்கர்களைக் கூரையில் வைத்து, அவற்றுக்கு ஐ.பி.54 தரம் என்று சொன்னது சும்மா இல்லை. முதல் இலக்கமான 5, புழுதி வேலையைக் கெடுக்கும் அளவுக்கு உள்ளே போகாது என்பதைக் குறிக்கிறது. அடுத்த 4, எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. ‘தெறித்தால்’ என்பதைக் கவனியுங்கள், மூழ்கினால் அல்ல. மூழ்கினாலும் தாங்க ஐ.பி.67 வேண்டும், அது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வரை.

நீங்கள் கழற்றிப் போடும் கம்பெனி ஸ்பீக்கருக்கு இந்தத் தரம் இருக்கிறது. புதிதாக வாங்கும் ஸ்பீக்கருக்கு இருக்கிறதா என்று கேட்டீர்களா?

காகிதக் கூம்பு நல்ல ஒலி தரலாம். ஆனால் ஈரத்தில் ஊறும். ஆஃப்-ரோடு வண்டிக்குப் பாலிப்ராப்பிலீன் கூம்பும், ஓரத்தில் நுரைக்குப் பதில் ரப்பரும் உள்ளது நல்லது. கூரையைக் கழற்றிவிட்டு அடிக்கடி ஓட்டுபவர் என்றால், படகுகளுக்கென்று செய்யப்படும் ‘மரைன்’ வகை ஸ்பீக்கரைப் பாருங்கள். வெயில், உப்புக்காற்று, ஈரம் மூன்றையும் கணக்கில் வைத்துச் செய்யப்படுபவை அவை. கோவா, கொங்கண் கடற்கரைப் பக்கம் வசிப்பவர்களுக்கு இந்தச் செலவு வீண் அல்ல.

எங்கே பொருத்தலாம்?

பேஸ் குறைவாக இருக்கிறது என்றதும் கடையில் உடனே சொல்லும் தீர்வு, சீட்டுக்கு அடியில் வைக்கும் ஆம்ப் உள்ளடங்கிய சப்-வூஃபர். இடம் அடைக்காது, விலையும் பரவாயில்லை. நகரத்துக் காருக்கு நல்ல யோசனைதான். ஆனால் உங்கள் வண்டியின் அமைப்பை யோசித்துப் பாருங்கள்.

தார் 650 மில்லிமீட்டர், ஃபோர்ஸ் கூர்க்கா 700 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரைக் கடக்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அந்த ஆழத்தில் கதவின் கீழ்ப்பகுதி நனைந்துவிடும். தாரின் தரையையே கழுவிவிட்டு, அடைப்பானைத் திறந்து தண்ணீரை வெளியேற்றலாம். அதாவது, தரையில் தண்ணீர் வரும் என்று எதிர்பார்த்தே வடிவமைத்த வண்டி அது. அந்தத் தரையில்தான் பேட்டரியோடு நேரடியாக இணைந்த ஒரு பெட்டியை வைக்கச் சொல்கிறார்கள்.

ஸ்பிதிக்குப் போகும் வழியில் பனி உருகி ஓடும் ஓடைகளை மதியத்துக்கு மேல் கடந்தவர்களுக்கு, தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறும் என்று தெரியும். உங்கள் ஓட்டம் அப்படிப்பட்டது என்றால், சப்-வூஃபரையும் ஆம்பையும் பின்பக்கப் பக்கச்சுவரில் உயரமாகவோ, டேஷ்போர்டுக்குப் பின்னாலோ வையுங்கள். ‘நான் ஆஃபீசுக்கும் லோனாவாலாவுக்கும்தான் போவேன்’ என்பவர் சீட்டுக்கு அடியில் வைக்கலாம்; வண்டியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்.

கதவில் பொருத்துவதாக இருந்தால், பேனலைத் திறந்ததும் உள்ளே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு தெரியும். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் வண்டிக்குள் வராமல் தடுப்பது அதுதான். அதைக் கிழித்துவிட்டு மூடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. கிழிய விடாதீர்கள். அதிர்வைக் குறைக்கும் பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டும்போது, கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளை அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும். சில வண்டிகளில் பக்கவாட்டு மோதலை உணரும் அழுத்த சென்சார் கதவுக்குள் இருக்கும். கதவின் பெரிய திறப்புகளை மூடும் முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.

ட்வீட்டரைக் கண்ணாடி ஓரத் தூணில் பதிப்பது பார்க்க அழகு. ஆனால் ஜிம்னி, தார் ராக்ஸ் போன்ற 6 ஏர்பேக் வண்டிகளில் பக்கவாட்டில் திரைபோல விரியும் ஏர்பேக் உண்டு. அது விரியும் பாதையில் எதையும் திருகக் கூடாது. விபத்தின்போது அந்த ட்வீட்டர் உங்கள் முகத்தை நோக்கிப் பறந்து வரலாம். பக்கக் கண்ணாடிக்கு உட்புறம் இருக்கும் முக்கோணத் தட்டு பாதுகாப்பான இடம்.

ஸ்பீக்கருக்கும் உலோகத்துக்கும் நடுவே வைக்கும் வளையத்தைப் பெரும்பாலும் எம்.டி.எஃப். பலகையில் வெட்டித் தருவார்கள். தண்ணீர் பட்டால் அது ஊறி உப்பிவிடும். பிளாஸ்டிக் அல்லது அலுமினிய வளையம் கேளுங்கள். தகரத்தில் நேரடியாக ஏறும் திருகு குலுக்கலில் கழன்றுவிடும். நட்டு-போல்ட்டும், கழலாமல் பிடிக்கும் நைலான் நட்டும் போடச் சொல்லுங்கள்.

தீ எங்கே பற்றுகிறது?

தனி ஆம்ப் வைக்கலாம் என்று முடிவு செய்தால் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

400 வாட் ஆர்.எம்.எஸ். கொடுக்கும் கிளாஸ்-டி ஆம்ப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 80 சதவீதத் திறன் என்றால் உள்ளே 500 வாட் போக வேண்டும். 14 வோல்ட்டில் அது சுமார் 36 ஆம்பியர். கம்பெனி ஸ்டீரியோவுக்காகப் போட்ட மெல்லிய வயர் இதைத் தாங்காது. பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்தே ஆக வேண்டும். இந்த அளவுக்குச் சுமார் 8 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் வேண்டும்.

இங்கே ‘செம்பு’ என்பது முக்கியம். மலிவான ஆம்ப் கிட்டுகளில் வருவது பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பைப்போலச் சுமார் 60 சதவீதம்தான். ஒரே தடிமனாகத் தெரியும், ஆனால் சீக்கிரம் சூடாகும். வயரின் முனையைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

அடுத்தது ஃப்யூஸ். எஞ்சினையே சுழற்றும் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும் சக்தி கொண்டது. பேட்டரியிலிருந்து வரும் வயர் எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் இடையே உள்ள தகரத் துளை வழியாக வருகிறது. ஆஃப்-ரோடில் வண்டி குலுங்கக் குலுங்க, அந்தத் துளையின் விளிம்பு வயரின் மேலுறையை அறுக்கும். ஒருநாள் செம்பு தகரத்தைத் தொடும். வழியில் ஃப்யூஸ் இருந்தால் அது உருகி இணைப்பு அறுந்துவிடும். இல்லையென்றால் வயரே பழுக்கக் காய்ந்து, பக்கத்தில் இருக்கும் கார்ப்பெட்டும் பிளாஸ்டிக்கும் பற்றிக்கொள்ளும்.

ஆம்புக்குள்ளேயே ஃப்யூஸ் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது ஆம்பைக் காப்பாற்றும், பேட்டரியிலிருந்து ஆம்ப் வரை வரும் வயரைக் காப்பாற்றாது. பேட்டரி முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் தனி ஃப்யூஸ் வேண்டும். மேலே சொன்ன கணக்குக்கு 40 ஆம்பியர். தகரத் துளையில் ரப்பர் குரோமெட் வேண்டும். வயர் முழுக்க நெளிகுழாய் உறைக்குள் போக வேண்டும். இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு, ஸ்பீக்கர் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம்.

வாரன்டி, இன்ஷூரன்ஸ், ஆர்.சி.

ஸ்பீக்கர் வயரை வெட்டி டேப் சுற்றி இணைத்தால், பிறகு மின்சாரக் கோளாறு எது வந்தாலும் ‘வயரிங்கில் கைவைத்திருக்கிறீர்கள்’ என்று வாரன்டியை மறுக்க இடம் கிடைத்துவிடும். உங்கள் மாடலுக்குப் பொருந்தும் கப்ளர் கிடைக்கும், வெட்டாமல் செருகலாம். பழைய ஸ்பீக்கர்களைப் பத்திரமாக வைத்திருங்கள். வண்டியை விற்கும்போது மாட்டிக் கொடுக்கலாம்.

தயாரிப்பாளர் பொருத்தாத மின்சாதனங்கள் வழக்கமான பாலிசியில் தானாகச் சேராது. ‘ஐ.எம்.டி. 24’ என்ற கூடுதல் ஒப்பந்தத்தின்கீழ், வழக்கமாகப் பொருளின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கலாம். 40,000 ரூபாய்க்குப் பொருள் என்றால் 1,600 ரூபாய். பில் இல்லாமல் இது நடக்காது. ‘பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம் சார்’ என்றால் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

ஸ்பீக்கர் மாற்றுவது ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எதையும் மாற்றாது. ஆனால் பெரிய சப்-வூஃபர் பெட்டிக்காகப் பின் சீட்டைக் கழற்றினால் கதை வேறு. சீட் எண்ணிக்கை ஆர்.சி.யில் பதிவான விவரம். பதிவில் உள்ளதற்கு முரணாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது.

காதுக்கு எவ்வளவு தாங்கும்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். 100 டெசிபல் என்றால் 20 நிமிடம்.

இதை உங்கள் வண்டியோடு பொருத்திப் பாருங்கள். கூரையைத் திறந்து வேகமாக ஓட்டும்போது இரைச்சல் ஏற்கெனவே அதிகம். பாட்டு கேட்க வேண்டுமென்றால் அதற்கும் மேலே வால்யூம் வைக்க வேண்டும். பெங்களூரிலிருந்து சக்லேஷ்பூர் போய்த் திரும்பும் ஒரே பயணத்தில் வாரக் கோட்டா தீர்ந்துபோகலாம். கூடவே பின்னால் வரும் லாரியின் ஹாரனும் ஆம்புலன்ஸ் சைரனும் கேட்காமல் போகும். அதனால்தான் சத்தத்தைக் கூட்டுவதைவிட இரைச்சலைக் குறைப்பதற்கு முதலில் செலவு செய்யச் சொல்கிறோம்.

எந்த வரிசையில் செலவு செய்வது?

20,000 ரூபாய் வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தையும் ஸ்பீக்கரில் போடாதீர்கள்.

முதலில் செலவில்லாத வேலை. டயர் காற்றழுத்தம் சரியா, கதவு ரப்பர்கள் கிழியாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்டீரியோவில் ஹை-பாஸ் ஃபில்டர் வசதி இருந்தால் சின்ன ஸ்பீக்கர்களுக்கு 80 முதல் 100 ஹெர்ட்ஸில் வையுங்கள். அவற்றால் முடியாத பேஸை அவற்றிடம் கேட்காமல் இருந்தாலே பாடகரின் குரல் தெளியும்.

இரண்டாவது, கதவுக்கும் தரைக்கும் டேம்பிங் ஷீட். பட்ஜெட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம். மூன்றாவது, 90-க்கு மேல் சென்சிட்டிவிட்டி உள்ள, ஈரம் தாங்கும் முன் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. இந்தக் கட்டத்தில் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். பலருக்கு இதுவே போதும். இன்னும் பேஸ் வேண்டும் என்று தோன்றினால் மட்டும் ஆம்பும் சப்-வூஃபரும்.

கடையில் கேட்க வேண்டியவை ஐந்து: ஆர்.எம்.எஸ். எவ்வளவு? சென்சிட்டிவிட்டி எவ்வளவு, 1 வாட்டிலா 2.83 வோல்ட்டிலா? தண்ணீருக்கு என்ன தரம்? வயரை வெட்டுவீர்களா, கப்ளரா? பேட்டரி பக்கத்தில் ஃப்யூஸ் எங்கே வரும்?

வேலை முடிந்து பேனலை மூடும் முன் ஒரு சோதனை. ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் முனைகளில் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸுக்குப் பிளஸ் என்றால் கூம்பு வெளியே தள்ளும். உள்ளே போனால் முனைகளின் குறி மாறியிருக்கிறது. இதே சோதனையை இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோ பக்க வயர் முனையிலும் செய்யலாம். இடது ஸ்பீக்கர் வெளியே தள்ளும்போது வலது ஸ்பீக்கர் உள்ளே இழுத்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் பேஸ் காணாமல்தான் போகும். சரிசெய்ய ஆகும் நேரம் இரண்டு நிமிடம், செலவு பூஜ்யம்.